பின்கட்டுச் சுவரில் ஒன்பது கறைகள்

போடியில் ஏலக்காய் வியாபாரத்தில் செழித்த ஒரு குடும்பம், தங்கள் பழைய வீட்டை விடுதியாக மாற்ற முடிவு செய்தது. போடிமெட்டு ஏறுகிற சுற்றுலாக்காரர்கள் தங்கிப் போவார்களாம். வீட்டை அளந்து வரைபடம் போடும் வேலை எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்குமேல் கட்டடக்கலையும் படித்தேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. எங்கள் வீட்டிலிருந்து அந்த வீட்டின் முன்வாசல் வழியாக நுழைந்த முதல் ஆளும் நான்தான். அம்மா அங்கே பன்னிரண்டு வருஷம் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்கினாள். அவளுக்குப் பின்வாசல்.

சென்னையில் இருக்கும் வாரிசு, பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற ஒரு நிபுணரோடு வந்திருந்தார். நிபுணர் கைத்தறிச் சட்டை போட்டிருந்தார். சுண்ணாம்புக் காரையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"சுவர் மூச்சு விடுது, பாருங்க."

கண்ணைத் திறந்ததும், ஏசி மாட்ட அதே சுவரில் எங்கே துளை போடலாம் என்று காட்டினார்.

பின்வாசல் நாலரை அடி உயரம். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "குனிஞ்சு போகணும்கிற பணிவு. நம்ம முன்னோர் எவ்வளவு யோசிச்சிருக்காங்க!" வாரிசு நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்.

மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் மூட்டைகளுக்கென்று பக்கத்திலேயே அகலமான கதவு இருந்தது. இந்தக் குட்டை வாசல் பொறுக்குகிற பெண்களுக்கு. சாயங்காலம் ஒவ்வொருத்தியாகத்தான் இதில் குனிந்து வெளியேற முடியும். வெளியே நிற்கும் கணக்குப்பிள்ளை முந்தானையை உதறச் சொல்வார், கொண்டையை அவிழ்க்கச் சொல்வார். கொண்டைக்குள் காயை ஒளித்துக்கொண்டு போகிறார்களாம். பணிவு!

"சார், இது பொம்பளையாளுகளச் சோதனை போட வச்ச வாசல்" என்றேன்.

வாரிசு சிரித்தார். "ஏம்மா, அதையெல்லாம் போர்டுலயா எழுதிப் போட முடியும்?"

அடுத்தது காய் பொறுக்கும் அறை. வடக்கே பெரிய ஜன்னல். எதிர்ச்சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், வரிசையாக ஒன்பது கறுத்த வட்டங்கள்.

"ஈரக் கசிவு. சுரண்டிட்டு வெள்ளையடிச்சிருங்க. இங்க தியான அறை வச்சுக்கலாம்" என்றார் நிபுணர்.

ஈரம் தரையிலிருந்து ஏறும். சம இடைவெளி விட்டு ஒன்பது வட்டமாக எந்த ஊரிலும் வராது. அவர் ஒருமுறை தரையில் உட்கார்ந்திருந்தால் போதும், புரிந்திருக்கும். நான் உட்கார்ந்து சாய்ந்தேன். என் பின்தலை சரியாக ஒரு வட்டத்தில் போய்ப் பொருந்தியது. வருஷக்கணக்காகச் சாய்ந்த தலைகளின் தேங்காயெண்ணெய் அது.

வீட்டுக்கு வந்து, அந்தச் சுவரைப் போனில் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன்.

"ஆத்தாடி, இன்னுமா இருக்கு!"

"நாலாவது நீயாம்மா?"

"அது மேலத்தெருக்காரி. வாய் ஓயாது அவளுக்கு. நான் ஆறாவது, சன்னலுக்கு நேரா. வெளிச்சம் விழுந்தாத்தான பச்சக்காய் எது, வெளுத்த காய் எதுன்னு தெரியும்? அந்த எடத்துக்கு எம்புட்டுச் சண்ட போட்டிருக்கேன் தெரியுமா?"

"அதச் சுரண்டப் போறாங்கம்மா."

"சுரண்டட்டும்டி. அதென்ன சாமி படமா? போயி வெரசா ஒன் சோலியப் பாரு."

சற்று நேரம் கழித்து அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அந்தப் போனைக் கொண்டா. பெருசாக்கிக் காட்டு."

மறுநாள் வரைபடத்தில் ஒன்பது வட்டங்களையும் அளவு பிசகாமல் வரைந்தேன். தொடக்கூடாதவை என்ற பட்டியலில் தேக்குத் தூண்களுக்கு மேலே அந்தச் சுவரை எழுதினேன்.

வாரிசு பட்டியலை வாசித்தார். "எண்ணெப் பிசுக்கக் காட்டியா ரூம் விடச் சொல்ற? வெள்ளையடிக்கச் சொல்லியாச்சும்மா."

அடித்தார்கள். சுரண்டுவதற்குச் சோம்பல்பட்டு, கறையின் மேலேயே அடித்தார்கள். அந்தக் குடும்பம் இந்த வீட்டுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அந்தச் சோம்பல்தான்.

நான்கு மாதம் கழித்து வாரிசே போன் செய்தார்.

"ஏம்மா, மூணு வாட்டி அடிச்சாச்சு. மறுபடியும் மேல வருது. தியானம் பண்ண வந்த ஒரு அம்மா, தலை தலையாத் தெரியுதுன்னு பயந்து ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு. என்னதான் செய்றது?"

எண்ணெய்க் கறையை அடக்குகிற பிரைமர் போடி கடைத்தெருவிலேயே கிடைக்கும். ஒரு பூச்சு போதும், ஒன்பதும் மறைந்துவிடும். எந்தப் பெயின்டர் போய் விசாரித்தாலும் நல்ல கடையில் சொல்லிவிடுவார்கள். அப்படி விசாரிக்கிற ஆட்கள் அந்த வீட்டில் இல்லை.

"உங்க நிபுணரக் கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். சுவர் மூச்சு விடுது, கொஞ்ச நாள் விடட்டும்கிறாரு."

"அவரு படிச்சவரு சார். அவர் சொல்றபடி செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.