முதலில் திறக்க வேண்டிய பெட்டி

முப்பது வருடமாக ஊரார் வீட்டுச் சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றியவருக்குப் பெட்டிக்காரர் என்ற பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் எந்த அறை, அதில் படுப்பது எத்தனை பேர் என்று எழுதிவிடுவார். எந்த வீட்டையும் அரை நாளில் காலி செய்பவர், தன் வீட்டை மட்டும் ஏழு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். தன்னோடு வந்துவிடச் சொல்லி மகள் அலுத்தே போனாள். செத்துப்போன மனைவியின் அலமாரியைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. அதைச் சொல்லாமல், "நல்ல அட்டைப்பெட்டி கிடைக்கல" என்று சாக்குச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வீட்டை ஒப்படைத்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை, எகிப்து ராஜாவின் கல்லறைக் கண்காட்சிக்கு மகள் அவரை இழுத்துக்கொண்டு போனாள். கண்ணில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். மாட்டியதும், மூவாயிரம் வருடத்துக்கு முன் மூடிய அறைக்குள் நிற்பதுபோல் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பெட்டிக்காரருக்கோ பற்றிக்கொண்டு வந்தது. கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் பெட்டி, ஓரத்தில் கழற்றிப் போட்ட ரதச் சக்கரம்.

"எவன்யா இதை அடுக்குனது?" என்று உரக்கவே கேட்டு, சரியப்போன பெட்டியைத் தாங்கக் கையை நீட்டினார். சிக்கியது பக்கத்தில் நின்ற அம்மாளின் தோள். அந்த அம்மாள் போட்ட கூச்சலும் கண்காட்சியில் சேர்த்தி என்று நாலு பேர் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் விளக்கம் சொல்லும் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இதெல்லாம் எதுக்கு உள்ள வச்சாங்க?"

"ராஜா போற இடத்துல தேவைப்படும்னுதான் சார். துணி, செருப்பு, சாப்பாடு எல்லாம்."

"சரி, போய் இறங்குனதும் முதல்ல எதைத் திறப்பாரு?"

அந்தப் பெண் கையிலிருந்த குறிப்பைப் புரட்டினாள்.

"வீடு மாத்துனா ஒரு பெட்டியைக் கடைசியா ஏத்தணும்மா. டம்ளர், மாத்திரை, மூக்குக்கண்ணாடின்னு உடனே வேண்டியது அதுலதான் இருக்கும். களைச்சுப்போய் இறங்குற ஆளு எல்லாத்தையும் கிளறிக்கிட்டா நிப்பாரு? பாவம்."

மகள் நுழைவுச்சீட்டை ரொம்பக் கவனமாக மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்தார். மூக்குக்கண்ணாடி, சீப்பு, மூட்டுவலித் தைலம், பிடி உடைந்த கோப்பை. வாடிக்கையாளர்களின் கோப்பைக்கு இரண்டு சுற்றுக் காகிதம்தான் சுற்றுவார். இதற்கு ஆறு சுற்றினார்.

"உடைஞ்ச கோப்பைக்கு எதுக்குப்பா இவ்வளவு?"

"இதுக்கு மேல உடையக் கூடாதில்ல."

பெட்டியை ஒட்டி, 'முதலில் திறக்கவும்' என்று எழுதினார்.

"எனக்கு எந்த ரூம் குடுக்கப் போற?"

"ஜன்னல் பக்கத்து ரூம்ப்பா."

'ஜன்னல் அறை, இரண்டு பேர்' என்று எழுதினார். மகள் படித்துவிட்டு, பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

அந்தப் பெட்டியை முறைப்படி கடைசியாகத்தான் ஏற்றினார். பிறகு மனசு கேட்காமல் இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.