முத்துமீனாவின் தட்டும் இரண்டு கிராம் முள்ளும்

காளவாசலில் மைக் செட் வாடகைக்கு விட்ட முத்திருளனுக்கு இடக்கையில் மூன்று விரல்கள்தான். 1988 மே 14, சனிக்கிழமை, உசிலம்பட்டியில் அவர் மைத்துனன் சிவபாண்டி, நாடக மேடையில் பாடினாள் என்பதற்காகத் தன் தங்கை முத்துமீனாவை அரிவாளால் வெட்டினான். தடுத்த கணவர் முத்திருளனுக்கு இரண்டு விரல்கள் போயின. அவள் அங்கேயே இறந்தாள். மகன் அருண்பாண்டிக்கு எட்டு மாதம்.

அவள் குரல் மிஞ்சியது ஒரே இசைத்தட்டில். நாடகக் குழு வெளியிட்டது, பக்கத்துக்கு ஒரு தர்க்கப் பாட்டு, மேடையில் எதிராளியோடு வாதாடிப் பாடுவது. அவள் இறந்தபின் முத்திருளன் அதைப் போடவே இல்லை. பத்து வயதில் அதைத் தொட்ட மகனைப் பெல்ட்டால் விளாசினார். எழுபத்தொன்றாவது வயதில்தான், "கம்ப்யூட்டர்ல ஏத்திருடா" என்று மகனிடம் சொன்னார். நான் பக்கத்து வீட்டுக்காரன். பிளேயர் வாங்கக் கடைக்கும் உடன் போனேன்.

முத்திருளன் சூட்கேஸ் போன்ற பிளேயரைக் காட்டி, "இது போதும். நேரா கம்ப்யூட்டர்ல சொருகிரலாம்" என்றார்.

"அதுல முள்ளு ஆறு கிராம் அழுத்தும்பா. தட்டை உழுதுரும். எடையை ரெண்டுக்குக் குறைக்கிற மாதிரி வேணும்."

"முப்பது வருசம் தட்டுப் போட்டவன்டா. எனக்கே பாடமா?"

மகன் சொன்னதையே வாங்கினார்கள்.

ஞாயிறு காலை 10.20. முத்துமீனா பாடத் தொடங்கி நாற்பது நொடி. தெருவில் லாரி போனது. மேசை அதிர்ந்து முள் துள்ளியது. திருவிழாவில் வேட்டுச் சத்தத்துக்கு முள் துள்ளினால் மைக் செட்காரர்கள் அதன் தலையில் நாணயம் வைப்பார்கள். முத்திருளனின் கையும் அதையே செய்தது. முள் வளைந்து, தட்டைக் குறுக்கே கீறியது.

அருண்பாண்டி ஓங்கி அறைந்தான். தகப்பன் நாற்காலியோடு விழுந்தார். உதடு கிழிந்தது.

"எங்கம்மாவ ரெண்டாந்தரம் கொன்னுட்டியேய்யா!"

அவர் திருப்பி அடிக்கவில்லை. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பி, "இன்னொரு பக்கம் இருக்குடா" என்றார்.

புது முள் வர ஒன்பது நாள். இம்முறை அதிராமலிருக்க, பிளேயரைக் கனத்த கடப்பைக் கல்மீது வைத்தான் மகன். முத்திருளன் துண்டை எடுத்து நீட்டினார்.

"கையக் கட்டிருடா. நான் சொன்னா கேக்காது இது."

இரண்டு மணிக்கட்டையும் நாற்காலிக்குப் பின்னால் இறுகக் கட்டினான்.

மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி. அவள் சண்டைக்கு நிற்பவளைப் போலப் பாடினாள். ஒரு கீறலும் இல்லை.

முடிந்ததும் முள்ளைத் தூக்கி வைத்தான். அப்பாவின் கைக்கட்டை அவிழ்க்கவில்லை. பதிவான பாட்டைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓடவிட்டான்.