சுண்ணாம்புக்குப் பயந்த கண்

கண் ஆஸ்பத்திரியில் என் வேலை கத்தி பிடிப்பதல்ல, கத்தி பிடிக்கிறவர் சொன்னதை வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்வது. இன்னொருவர் சொன்னதற்குத் திட்டு வாங்குகிற வேலை எதில் நீங்கள் இருந்தாலும், இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

வாயைத் திறந்த நேரம்

சுருளிப்பட்டிப் பெத்தணன் திராட்சைக்காரர். கொடிக்கு அடிக்கிற மருந்துக்காகச் சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்துத் தெறித்ததில் வலது கண் அன்றைக்கே போனது. இடது கண்ணில் தானமாக வந்த கருவிழியை இரண்டு தடவை வைத்தும் நிற்கவில்லை. மிச்சம் இருந்த ஒரே வழி, பிளாஸ்டிக்கில் செய்த செயற்கைக் கருவிழி. ஆனால் பிளாஸ்டிக்கும் சதையும் லேசில் ஒட்டாது. ஒட்டாத இடுக்கில் கிருமி புகுந்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும். அதற்காகத்தான் விளிம்பில் மெல்லிசாக ஒரு பூச்சு பூசிப் பார்க்கிறார்கள். சதை அதைத் தன் இனம் என்று நம்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரைக்கும் ஒழுங்காகத்தான் சொன்னேன். என் குரல் சின்னது. "சத்தமாச் சொல்லுப்பா" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். அது என்ன பூச்சு என்று கேட்டபோது, கெட்டிக்காரன் மாதிரி, "எலும்புல இருக்குற சுண்ணாம்புச் சத்து மாதிரிங்கய்யா" என்றேன். மனைவி பேச்சியம்மாவின் தோளைத் தடவிப் பிடித்து எழுந்துவிட்டார்.

"ஏத்தா, வா போவோம். சுண்ணாம்பு பட்டுத்தான் கண்ணு போச்சு. மிச்சத்துக்கும் இவுக பூசி விடப் போறாகளாம்!"

பந்தலுக்கு அடியில்

ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா திட்டவில்லை. "நீங்கதான எழுப்பி விட்டீங்க, நீங்களே போய் உக்கார வைங்க" என்று மட்டும் சொன்னார். கம்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அவர் தோட்டத்துக்குப் போனேன். பெத்தணன் திராட்சைப் பந்தலுக்கு அடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மா டிரம்மில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு பாட்டிலில் இருந்து கொழகொழவென்று எதையோ ஊற்றினார். என்னது என்று கேட்டேன். "பசை. இது இல்லாட்டி மருந்து இலையில நிக்காது, உருண்டு ஓடிரும்."

எனக்கு அது போதும். "அந்தப் பூச்சுக்கும் இதாம்மா வேலை" என்றேன். தெறித்தது சுட்ட சுண்ணாம்பு, இது எலும்பில் உள்ளது, எரியாது என்றேன். கட்டாயம் ஒட்டும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்பதையும் மறைக்கவில்லை. பேச்சியம்மா கலக்குகிற குச்சியைக் கீழே போட்டார்.

"கொடிக்கு மட்டும் பசை வேணும், உங்க கண்ணுக்கு வேணாமாக்கும்? எந்திரிங்க, சட்டையை மாத்துங்க."

கட்டு அவிழ்த்த காலை

ஆபரேஷன் முடிந்து கட்டை அவிழ்த்தார்கள். டாக்டரம்மா காட்டிய விரல்களைப் பெத்தணன் சரியாக எண்ணினார். பிறகு பேச்சியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முந்தானையை இழுத்து நரைமுடியை மூடிக்கொண்டார். கடைசியில் பார்வை என் பக்கம் திரும்பியது. "இது யாரு?" என்றார். "நான்தாங்கய்யா" என்றேன். குரலைக் கேட்டதும் முகம் மாறியது.

"ஏலே, மீசை கூட ஒழுங்கா முளைக்கலை! உன் பேச்சைக் கேட்டா நான் ஒத்தைக் கண்ணை நீட்டுனேன்?"

ஆட்டிப் பார்த்தது

பார்வை வந்தாலும் பாதிக் கிணறு தாண்டின மாதிரிதான். சதை வந்து பிடிக்கப் பல மாதம் ஆகும், அதுவரை கண்ணில் கை படக் கூடாது. அடிக்கடி ஃபோன் போட்டு விசாரிப்பேன். ஒருநாள், "தொட்டீகளாய்யா?" என்று கேட்டேன். "தொடலையே! காலையில ஒரு விரலை வச்சு லேசா அசைச்சு மட்டும் பாக்குறேன். ஒட்டிருச்சான்னு தெரிய வேணாமா?" என்றார்.

"ஒட்டுக் கட்டின கொடியை இப்படித்தான் தினமும் ஆட்டுவீகளா?" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் பேச்சியம்மா ஃபோனை வாங்கினார்.

"கத்தாதீக தம்பி. கொடி கட்டுற சணல் கெடக்கு, கையைக் கட்டிப்புடுறேன்."

சுற்றிப் பிடித்தது

அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது அவரைவிட எனக்குத்தான் பயம். அந்த விரல் என்ன செய்து வைத்திருக்கிறதோ! டாக்டரம்மா கருவியில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "சுத்திலும் சதை நல்லாப் பிடிச்சிருக்கு. இடுக்கே இல்ல" என்றார். வழக்கம்போல அதை நான் திருப்பிச் சொன்னேன். இந்தத் தடவை அவர் கேட்காமலே சத்தமாக வந்தது.

பெத்தணன் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அடுத்த மருந்துக்கு நானே சுண்ணாம்பு நீத்தலாமா?" டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பேச்சியம்மாவைப் பார்த்தேன்.

"நீத்துறது நானு. கண்ணாடியை மாட்டிக்கிட்டு நீத்திக்கிறேன். இவரு தள்ளி நின்னு பாக்கட்டும், பாக்குறதுக்குத்தான இம்புட்டுப் பாடு!"

இப்போதெல்லாம் யார் வந்து உட்கார்ந்தாலும், பெயரைக் கேட்பதற்கு முன்னால் என்ன வெள்ளாமை என்று கேட்டுக்கொண்டுதான் நான் வாயைத் திறக்கிறேன்.