பளபளத்த அறுபது கோதுகள்

எங்கள் வீட்டில் பித்தளை கறுத்தால் அது பித்தளையின் குற்றமில்லை, வீட்டுக்காரரின் குற்றம். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கில் பச்சை பூத்திருந்தால், வருகிற ஆட்கள் விளக்கைப் பார்த்துவிட்டு அடுத்ததாக எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கடல் தாண்டி இந்த நோபல் பார்க்குக்கு வந்து இருபது வருடமாகியும் இந்தப் புத்தி எனக்குப் போகவில்லை. போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

என் கூட்டாளி ஒருவர் மதுரைப் பக்கத்துக்காரர். ஒரே தொழிற்சாலையில் பதினொரு வருடம் இருந்தோம். அவர் இயந்திரம் பழுது பார்க்கிறவர், நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். என்னைவிட நாலு வயது மூப்பு என்பதால் நான் அவரை அண்ணை என்பேன். அவருக்கு நான் 'வாய்யா போய்யா'. அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. டாண்டினோங் தாண்டி ஒரு மணித்தியாலம் ஓடினால் வரும் சுடுதிடலில் ஞாயிறு தோறும் போய், தூரத்துக் கடதாசியைக் குறிபார்த்துச் சுடுவார். லைசன்ஸ், இரும்பு அலுமாரி, இரண்டு பூட்டு, எல்லாம் முறைப்படி. வெடிச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு வந்தவன் நான். காரில் பெட்ரோல் அடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைத் தேடிப் போகிறவர் அவர். "உங்களுக்கென்ன அண்ணை, கொழுப்பு" என்று ஒருநாள் சொன்னேன். கோபிக்கவில்லை. "திருப்பிச் சுடாததைத்தான்யா நான் சுடுறேன்" என்றார். அந்தச் சொல்லுக்காகவே அவரோடு ஒட்டிக்கொண்டேன். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். ஆட்கள் சொல்லும் நல்ல சொல்லைப் பொறுக்கி வைத்துக்கொள்வதுதான் என் படிப்பு.

அவருடைய துப்பாக்கி பழசு. அதற்கான ரவையைக் கடைகளில் விற்பதை நிறுத்திப் பல காலம். சுட்டபின் மிஞ்சுகிற பித்தளைக் கோதை எடுத்து, துப்புரவாக்கி, மறுபடி தானே வெடிமருந்தும் குண்டும் நிரப்பிப் பாவிப்பார். அப்படி அறுபது கோது வைத்திருந்தார். செத்துப்போன ஒரு சுடுதிடல் கிளப் உறுப்பினரின் பெட்டியிலிருந்து கொஞ்சம், பழைய சாமான் சந்தையிலிருந்து கொஞ்சம் என்று எட்டு வருடமாகச் சேர்த்தவை. காலுக்குப் பழகிய செருப்பு மாதிரி அந்தத் துப்பாக்கிக்குப் பழகியவை. வேறு கோது கிடையாது.

போன வருடம் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தேத்தண்ணிக் கோப்பை, பிறகு சட்டைப் பொத்தான். டொக்டர் சொன்ன நரம்பு வருத்தத்தின் பெயரை அவர் எங்களிடம் ஒரு தரம்தான் சொன்னார். லைசன்ஸைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அவரே முடிவு செய்தார். அதற்கு முன் கிளப்பின் வருடாந்தப் போட்டி ஒன்று இருந்தது. மருந்து போட்டு ஒன்றரை மணித்தியாலம் கை அடங்கியிருக்கும். அந்த நேரத்துக்குள் பத்து வெடி. அதை மட்டும் சுட்டுவிட்டு நிறுத்துவது என்று நினைத்திருந்தார்.

போட்டிக்கு முந்திய வியாழன் அவருடைய கராஜுக்குப் போனேன். சுட்டு விரிந்த கோதுகளை அளவுக்குக் கொண்டுவர ஓர் இரும்பு அச்சுக்குள் அழுத்த வேண்டும். சிக்கிக்கொள்ளாமலிருக்க அதற்கு முன் ஒருவகை எண்ணெய்ப் பசை பூசுவார்கள். நெம்புகோலை அழுத்தும் வேலையை எப்படியோ முடித்துவிட்டார். ஆனால் அந்தப் பசையை ஒவ்வொன்றாகத் துடைக்க அவரால் முடியவில்லை. கோது கையிலிருந்து நழுவி சீமெந்தில் உருண்டது. குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை அவர் குனியவில்லை.

நான் கேட்டேன், தாருங்கோ, வீட்டை கொண்டுபோய்த் துடைச்சுக்கொண்டு வாறன் என்று. வெறும் கோதுதானே, வெடிமருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுத் தந்தார். "எண்ணெய் போனாப் போதும். துணியால துடை, சோப்புத் தண்ணில அலசு, காய வை. கறுப்பு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்யா, சுடுறதுக்கு அழகு வேண்டாம்."

இந்தக் கடைசி வசனத்தை நான் காதில் வாங்கவில்லை.

வெள்ளி காலை, மத்தியான வேலைக்குப் போகுமுன், அவற்றைத் துடைத்து அலசினேன். பசை போய்விட்டது. ஆனால் பார்க்கப் பார்க்க மனம் கேட்கவில்லை. கழுத்தில் தவிட்டு நிறம், அடியில் கறுப்புப் புள்ளி. ஒரு மனிதரின் கடைசிப் போட்டிக்கு இப்படியா கொடுப்பது? மனைவி குசினியில் விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தாள். "புளி கரைச்சுத் தாறன், அதில போட்டு எடுங்கோ" என்றாள். புளியில் எப்ப மினுங்கிறது என்று நினைத்தேன். சிங்க்குக்குக் கீழே, அவள் அவசரத்துக்கு வைத்திருந்த பித்தளை மினுக்கும் திரவம் இருந்தது. மூக்கில் ஏறும் நெடி. டப்பாவில் ஊற்றி, அறுபதையும் அமிழ்த்தி, மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். தங்கச் சங்கிலி மாதிரி வந்தன. கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகிற தட்டம் போல, டப்பாவைக் கழுவி உள்ளே வெள்ளைத் துணி விரித்து அடுக்கினேன்.

சனி காலை கராஜில் அவர் டப்பாவின் மூடியைத் திறந்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒன்றை மூக்குக்கிட்டக் கொண்டுபோனார்.

"எதுல கழுவின?"

சொன்னேன்.

"எவ்வளவு நேரம்?"

அதையும் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்தார். அந்தத் திரவத்தில் அமோனியா இருக்கிறதாம். பித்தளைக்கு அது உள்ளே போகிற நஞ்சு. வெளியே பளபளப்பாக வைத்துவிட்டு உள்ளே முடி போல வெடிப்பு விழுத்தும். உடனே துடைத்து எடுத்தால் தப்பலாம். நான் ஒரு ஷிப்ட் முழுக்க ஊறவிட்டிருக்கிறேன். எந்தக் கோதில் விழுந்தது, எதில் விழவில்லை என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சுடுகிறவர் கன்னம் வைக்கிற இடத்துக்கு நாலு விரல் தூரத்தில்தான் அந்தக் கோது பிளக்கும்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டேன். திருப்பி அலசினால்? சூடாக்கினால்? வேறு யாரிடமாவது இந்த அளவுக் கோது? ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். வேறொருவரின் துப்பாக்கி வாங்கித் தரட்டுமா என்றேன். பத்து வெடிக்காகப் பழகாத பொருளைத் தோளில் வைக்க மாட்டேன் என்றார்.

"எங்கட ஆள் புளியில போடச் சொன்னவ அண்ணை. நான்தான்..."

"புளில போட்டிருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காதுய்யா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். தாழியை உடைத்தவன் அதன்பின் எங்கே நின்றான், கையை எங்கே வைத்தான் என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை.

பிறகு அவர் சுவரில் தொங்கிய குறடு ஒன்றை எடுத்தார். பழுதான கோதை அப்படியே குப்பையில் போடக்கூடாதாம். யாராவது நல்லதென்று எடுத்து நிரப்பிவிடுவார்கள். வாயை நசுக்கித்தான் போட வேண்டும். ஒரு கோதைக் குறட்டுக்குள் வைத்தார். கை நடுங்கியது. குறடு கோதைத் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது, நசுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ பண்ணு."

அவர் முன்னால் நின்று நானே நசுக்கினேன். பித்தளை அவ்வளவு மென்மையானது என்று எனக்கு அதுவரை தெரியாது. வாய் மடங்கி ஒட்டிக்கொள்ளும். முந்தின நாள் பழைய பனியன் துணியால் நான் தேய்த்த கழுத்துகள். ஒவ்வொன்றும் டப்பாவில் விழ அவர் மெல்ல எண்ணினார். ஐம்பதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா, ஞாபகத்துக்கு, என்று கேட்டேன்.

"வேண்டாம்யா. நீ விளக்குப் பக்கத்துல வச்சுடுவ."

அதையும் நசுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். எட்டு மணிக்குத் தொலைபேசி எடுத்தார். வண்டி ஓட்ட முடியுமா என்று கேட்டார். போனோம். துப்பாக்கியைக் கொண்டுவரவில்லை. மற்றவர்களுக்குப் புள்ளி எழுத உட்கார்ந்தார், மருந்து பிடிக்குமுன் அந்தக் கையால் எழுத வராததால், அவர் தூரக்கண்ணாடியில் பார்த்துச் சொல்ல நான் எழுதினேன். காதுக்கு மூடி போட்டிருந்தும் ஒவ்வொரு வெடிக்கும் என் தோள் துள்ளியது. அவர் துள்ளவில்லை. மருந்து வேலை செய்த அந்த ஒன்றரை மணித்தியாலமும் அவருடைய கை முழங்காலில் கல்லுப் போலக் கிடந்தது. நான் புள்ளியை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு தரம் பிழையாக எழுதினேன்.

தேநீர் நேரத்தில் கிளப்பின் செயலாளர், வெள்ளைக்காரர், வந்து கேட்டார், ஏன் இன்றைக்குச் சுடவில்லை, கடைசிப் போட்டியல்லவா என்று. நான் வாயைத் திறந்தேன். அண்ணை என் காலை மெல்ல மிதித்தார்.

கோதெல்லாம் பழசாகிப் போச்சு, நம்பிச் சுட முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனிதர் தலையாட்டி, தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"ஏன் அண்ணை, நான் செய்தது எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா திரும்பி வருமா?" என்றார். கை மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது. பிளாஸ்கிலிருந்து ஊற்றிய தேத்தண்ணியை அவருடைய வாய்க்கிட்ட நான்தான் பிடித்தேன்.