வால்றெக்கைகளைத் திட்டியவர்

டெகம்ஸே என்ற சிறிய ஊரில் சனிக்கிழமைக் காலைகளில் இரும்புக்கடைக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தில் பழைய கார்கள் வந்து நிற்கும். சொந்தக்காரர்கள் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, மடக்கு நாற்காலியைக் காருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். யாராவது வந்து எஞ்சினைக் குனிந்து பார்த்தால் கொஞ்ச நேரம் பார்க்க விட வேண்டும். பிறகுதான் எழுந்து போக வேண்டும். உடனே போய் நின்றால் விற்க வந்தவன் மாதிரி ஆகிவிடும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத மரியாதை அது.

ஆர்லோ ஹேவர்கேம்ப் நாற்காலியைக் காருக்கு முன்னால் போடுவார். அவருடையது ஐம்பத்தொன்றாம் வருடத்து ஹட்சன் ஹார்னெட், மழைக்கு முந்தைய மேகத்தின் நிறம். கதவைத் திறந்தால் காரின் உள்தரை ஒரு படி கீழே இருக்கும். காருக்குள் ஏறுவதில்லை, இறங்குவது. யாராவது பத்தடி தூரத்தில் வந்தாலே ஆர்லோ ஆரம்பித்துவிடுவார்.

ஹட்சன் இந்த உருவத்தை முதலில் கொண்டுவந்த நாற்பத்தெட்டோடு இந்த நாட்டில் காரை வரைவது நின்றுபோயிற்று என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் கேக்குக்கு கிரீம் பூசுகிற வேலை. உடம்பைத் தாழ்த்தி, கனத்தைத் தரையோடு ஒட்டவைத்து, வளைவில் பூனை மாதிரித் திரும்புகிற வண்டியை ஹட்சன்காரன் செய்து கொடுத்தான். பந்தயத்தில் எல்லோரையும் தோற்கடித்தான். ஆனால் அடிச்சட்டமும் உடம்பும் ஒன்றாகப் பற்றவைத்த வண்டி அது, வருடத்துக்கொரு முகம் மாற்ற வழியில்லை. மற்றவர்கள் வருடத்துக்கொரு முகம் மாற்றினார்கள். ஜனங்கள் முகத்துக்குப் பின்னால் போனார்கள். "ஹட்சன் ரோட்ல தோக்கல. கடைக் கண்ணாடிக்குப் பின்னாடி தோத்துச்சு" என்று முடிப்பார். முடிக்கும்போது எதிரில் பெரும்பாலும் ஆள் இருக்காது.

முப்பது வருடம் மாவட்டச் சாலைத் துறையில் வேலை பார்த்தவர். குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி, கோடையில் மண்சாலையைச் சமன்படுத்தும் வண்டி. முன்கண்ணாடியில் வெள்ளை வந்து மோதிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. கருத்துகளெல்லாம் அந்த வெள்ளைக்குள் விளைந்தவை. சொல்லிப் பார்க்க ஆளில்லாததால் அவை நன்றாக முற்றியிருந்தன. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருத்தி இருந்தாள் என்றும், அவள் அப்பா விலைபோகாத எட்செல் காரை வாங்கியதை இவர் சாப்பாட்டு மேஜையிலேயே கேலி செய்தார் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

அக்டோபரில் பழைய கார் சங்கத்தின் இலையுதிர் ஓட்டம் வரும். ஐரிஷ் ஹில்ஸ் வழியாக ஏரிகளைச் சுற்றிக்கொண்டு ஆப்பிள்சாறு ஆலை வரைக்கும். அங்கே சூடான டோனட், புதுச் சாறு, பிறகு திரும்பல். வரைபடம் கிடையாது. "சிவப்புக் களஞ்சியம் தாண்டி இடது, கதவு நீலமாயிருக்கும் தேவாலயத்தில் வலது" என்று குறித்த தாள் மட்டும் கொடுப்பார்கள். தனியாக வந்த ஒருவர் ஓட்டிக்கொண்டே தாளைப் படிக்கப்போய், தன் பேக்கார்டைச் சோளக்காட்டுக்குள் விட்டதிலிருந்து ஒரு விதி வந்தது: காருக்கு இரண்டு பேர். வழி சொல்ல ஆளில்லாத வண்டிக்கு இடமில்லை.

ஆர்லோவுக்கு அதுவரை தம்பி கெரிட் இருந்தார். கெரிட் ஏறியதும் தூங்கிவிடுவார், ஆர்லோ வழியை முன்பே மனப்பாடம் செய்துகொள்வார். தூங்குகிறவரும் ஆள்தான் என்று சங்கம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த வசந்தத்தில் கெரிட் வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் முழுக்க ஆர்லோ ஆள் தேடினார். முடிவெட்டுகிறவருக்கு அன்றைக்குப் பேத்தியின் ஞானஸ்நானம். பக்கத்து வீட்டுக்காரருக்கு முதுகுவலி. யூக்கர் சீட்டாட்டத்தில் இருபது வருடம் எதிரில் உட்கார்ந்தவர் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார், கேள்வி தன்னைத் தாண்டிப் போய்விடும் என்பது போல.

ஓட்டத்தை நடத்துகிறவர் வெண்டல் ப்ரூயிட். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"வெண்டல், ஒரு தடவைக்கு அந்த விதியக் கொஞ்சம் தளத்தக் கூடாதா?"

"உனக்குத் தளத்தினா எல்லாருக்கும் தளத்தணும்ப்பா."

"எனக்கு வழி தெரியும்யா. அந்த ரோட்டுல பனி தள்ளினவனே நான்தான்."

"வழி தெரியறது இல்ல விஷயம். ஆர்லோ, உண்மையச் சொல்லட்டுமா? உன் வண்டிய எல்லாருக்கும் பிடிக்கும். ஒக்காந்து போக ஆசை இல்லாதவன் இங்க யாரும் இல்ல. ஆனா உள்ள ஏறிட்டா எறங்க முடியாதே! எழுபது மைல் உன் பிரசங்கம். கெரிட்டு தூங்கினான்னு நெனச்சியா? கண்ண மூடிட்டிருந்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆர்லோவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஹட்சனின் முகப்புக் கம்பியில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

அடுத்த சனிக்கிழமை லொரெய்ன் குபியாக் வந்தாள். பிப்ரவரியில் அவள் புருஷன் லியோ இறந்துபோனதிலிருந்து அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை. லியோவின் கார் ஐம்பத்தொன்பதாம் வருடத்து காடிலாக், வெளிறிய கடல்பச்சை. பின்னால் மீன்துடுப்பு மாதிரி இடுப்புக்கு மேல் எழும்பும் இரண்டு றெக்கைகள், ஒவ்வொன்றிலும் தோட்டா மாதிரி இரண்டு சிவப்பு விளக்கு. எல்லா வருடமும் எல்லா சனிக்கிழமையும் ஆர்லோவின் நாற்காலிக்கு நேர் எதிரில் நின்ற கார் அதுதான். "என்ன லியோ, இன்னைக்கு மீன் என்ன வெல?" என்பார் ஆர்லோ. "றெக்கைக்கு நடுவுல கயிறு கட்டித் துணி காயப்போடலாம்" என்பார். முன்கண்ணாடி வளைந்து வந்து கதவோரத்தில் முழங்காலுக்குக் குறுக்கே முட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டி, "இத வரைஞ்சவனுக்கு முட்டியே கெடையாது" என்பார். லியோ ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. புன்னகைத்து, துணியால் றெக்கையை ஒருமுறை தடவுவார். தான் ஜெயித்துவிட்டதாகத்தான் ஆர்லோ ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குப் போனார்.

"துணைக்கு ஆள் தேடறீங்களாமே?" என்றாள் லொரெய்ன்.

"யாரு, வெண்டலா சொன்னான்?"

"ஊரே சொல்லுது. நான் வரேன். ஆனா ஹட்சன்ல இல்ல, லியோவோட வண்டியில. எனக்கு அத்தனை பெரிய வண்டிய ஓட்ட வராது, நீங்க ஓட்டுங்க."

ஆர்லோ அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் கேலியில்லை.

"எல்லாரும் பாப்பாங்களே, லொரெய்ன்."

"பாக்கட்டுமே. அதுக்குத்தானே வண்டிய இங்க கொண்டுவந்து நிறுத்தறீங்க எல்லாரும்?"

ஓட்டத்தன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். காடிலாக்கின் கதவைத் திறந்தபோது ஆர்லோவின் கால், ஹட்சனில் பழகிய கால், கீழே இல்லாத படியைத் தேடி வண்டியின் தரையில் மோதியது. தடுமாறி உள்ளே சாய்ந்தபோது முழங்கால் கண்ணாடி முனையில் இடித்தது. யாரோ கை தட்டினார்கள். எஞ்சினைக் கிளப்பி நகர்ந்ததும் இடது கால் தானாக, இந்த வண்டியில் இல்லாத கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக்கை முழுக்க மிதித்தது. வண்டி மண்டியிட்டு நின்றது. பின்னால் வரிசையாக ஹாரன்கள்.

"மூணாவது காலு முளைச்சிருச்சா ஆர்லோ?" என்று வெண்டல் கத்தினார். "அந்த எடது காலக் கழட்டி டிக்கில போடு!"

லொரெய்ன் தாளை மடியில் விரித்து, "சிவப்புக் களஞ்சியம் தாண்டி இடது" என்றாள்.

பாதித் தூரம்வரை ஆர்லோ வாயைத் திறக்கவில்லை. வெண்டல் சொன்னது உள்ளே கிடந்தது. பேசினால் இவளும் கண்ணை மூடிக்கொள்வாள் என்று பயந்தார். போதாததற்கு, செத்துப்போனவரின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவர் வண்டியை எப்படிப் பழிப்பது? மேப்பிள் இலைகள் சாலையில் எரிந்துகொண்டிருந்தன. ஏரிகள் ஒவ்வொன்றாக வந்து, ஒன்றும் கேட்காமல் பின்னால் போயின. லொரெய்ன் வழியை மட்டும் சொன்னாள். இரண்டு பேர் இருக்கும் காரில் இத்தனை அமைதியை ஆர்லோ பனி லாரியில்கூடக் கேட்டதில்லை.

"உடம்பு சரியில்லையா?" என்றாள் அவள் கடைசியில்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் திட்டவே மாட்டேங்கறீங்க?"

"எத?"

"வண்டியத்தான். நீங்க திட்டுவீங்கன்னுதானே உங்களக் கூப்பிட்டேன்."

ஆர்லோவுக்குப் புரியவில்லை. லொரெய்ன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "லியோவுக்கு பதில் வாய்க்கு வர்றதுக்குள்ள வீடு வந்துரும். அவரு சுபாவம் அப்படி. சனிக்கிழம மத்தியானம் சூப்ப முன்னால வெச்சா, கரண்டிய நீட்டிக்கிட்டு ஆரம்பிப்பாரு. 'அந்த ஹட்சன்காரப் பய இன்னைக்கு என்ன சொன்னான் தெரியுமா?' அப்புறம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குச் சொல்வாரு. சூப்பு ஆறிப்போகும். பிப்ரவரிலேர்ந்து என் வீட்டுல சூப்பு ஆறவே மாட்டேங்குது."

"றெக்கையப் பத்தி என்ன சொன்னாரு?" என்றார் ஆர்லோ.

"நீங்க முதல்ல சொல்லுங்க."

"பறக்காத வண்டிக்கு றெக்கை எதுக்கு?"

லொரெய்னின் குரல் லியோவுடையது மாதிரித் தடித்தது, கொஞ்சம் கரகரத்தது. "'மூணு வருஷம் கடற்படையில இருந்தேன். கப்பல் சாம்பல், கஞ்சி சாம்பல், கடலும் சாம்பல். திரும்பி வந்தவனுக்கு ஒரு றெக்கை வேணும்னு எவனுக்கோ தோணிருக்கு. அவன் காலத் தொட்டுக் கும்பிடணும். ஆர்லோ பத்து வயசு சின்னவன், அவனுக்கு எங்க தெரியப்போகுது.'"

"அப்படியா சொன்னாரு?"

"அப்படியேதான்."

"சரி. முட்டி?"

"'பொண்ணுங்க கவுன் போட்டுட்டு ஏறுவாங்களே, அந்த மாதிரி ஏறணும். மொதல்ல உக்காரு, அப்புறம் காலச் சுருட்டி உள்ள எடு. இவன் குதிரை ஏறற மாதிரி ஏறினா அடிபடாம என்ன செய்யும்?'"

ஆர்லோ வாய்விட்டுச் சிரித்தார். ஹட்சன்தான் வளைவில் சிறந்தது என்றார். "'வளைவு முடிஞ்சதும் எங்க போச்சு அவன் கம்பெனி?' என்பாரு" என்றாள் அவள். வருடாவருடம் முகம் மாற்றுவது மோசடி என்றார். "'நீ மட்டும் தாடிய எடுக்கலையா போன வருஷம்?'" என்று வந்தது. நாற்பத்தெட்டைச் சொன்னார். அதற்கு மட்டும் லொரெய்ன் யோசித்தாள். "அதுல அவன் சொல்றது சரின்னு ஒரு தடவ சொன்னாரு. ஆனா அத அவன்கிட்ட சொல்லிராதேன்னும் சொன்னாரு."

இருபது வருடமாக, எதிரே புன்னகைத்த மனிதர் தன்னோடு பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், தான் இல்லாத ஒரு சமையலறையில். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வைக்க ஓர் இடம் அகப்படவில்லை.

ஆலையில் கடைசி வண்டியாக வந்து சேர்ந்தார்கள். இரண்டு திருப்பங்களைத் தவறவிட்டதற்கு வெண்டல் ஏதோ சொன்னார், ஆர்லோ காதில் வாங்கவில்லை. டோனட்டின் சர்க்கரையை விரலிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே லொரெய்னிடம் கேட்டார்.

"பனி வர்றதுக்குள்ள ஒரு நாள், ஹட்சன்ல வர்றீங்களா? சும்மா ஏரி வரைக்கும்."

அவள் காகிதக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"இல்ல ஆர்லோ. தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்டுல எத்தனையோ தடவ முயற்சி பண்ணேன், அவர் சொன்னது ஒண்ணும் ஞாபகம் வரல. இந்த வண்டிக்குள்ள, நீங்க பேசினாத்தான் வருது." கோப்பையைக் கீழே வைத்து, "செவ்வாக்கிழம டொலீடோலேர்ந்து அவரோட மருமான் வரான், வண்டிய எடுத்துட்டுப் போக. இருட்டுக் கொட்டகையில கெடக்கறத விட அவன் ஓட்டட்டும்" என்றாள்.

"அது சரிதான்" என்றார் ஆர்லோ. வேறென்ன சொல்வதென்று தெரியாதபோது சொல்கிற சொல் அது. எழுந்து போய் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

திரும்பும்போது மற்ற கார்கள் நெடுஞ்சாலையில் போயின. ஆர்லோ ஏரிகளைச் சுற்றும் பழைய மண்சாலையில் திருப்பினார். தாளில் இல்லாத வழி. லொரெய்ன் கேட்கவில்லை, தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டாள். முன்பக்கக் குரோமைத் திட்டினார், கூழாங்கல் மாதிரிப் பல் இளிக்கிறது என்றார். பதில் வந்தது. சாம்பல் கிண்ணத்தை, கதவுப் பிடியை, இருக்கைத் துணியைத் திட்டினார். இருக்கை உண்மையில் மெத்தென்று இருந்தது. திட்டுவதில் பாதி அவருக்கே இப்போது நம்பிக்கையில்லை. ஆனாலும் ஒன்றைக்கூட விடாமல் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்து இருக்கையிலிருந்து அந்தக் கரகரத்த குரல் எழுந்து அவரைக் கேலி செய்தது, பிறகு அவளே சிரித்தாள். சிரிப்பு அவரைப் பார்த்து அல்ல, கண்ணாடிக்கு வெளியே மங்கிக்கொண்டிருந்த வயல்களைப் பார்த்து.

டெகம்ஸேயின் தண்ணீர்த் தொட்டி தெரிய ஆரம்பித்ததும் ஆர்லோ ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினார். வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது. இன்னும் எதைச் சொல்லவில்லை என்று டாஷ்போர்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"இந்தக் கடிகாரம் இருக்கே லொரெய்ன்," என்று தொடங்கினார், "இது என்னைக்காவது சரியான நேரம் காட்டியிருக்கா?"