ரை வயலில் இரண்டாம் குரல்

எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் பல்ட்ரஸ், கதை, பாட்டு என்றால் போதும், கலப்பையை அப்படியே போட்டுவிட்டுப் போகிற ஆள். குளிர்காலமெல்லாம் சறுக்குவண்டியில் ஊர் ஊராகப் போய், நூல் நூற்கும் பெண்கள் சொல்வதை எழுதி வருவார். பேய்க்கதை, ஓநாய்க்கதை, கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டும் பாட்டு, எதையும் விடமாட்டார். பாட்டு வயிற்றை நிரப்புமா என்று நான் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டு என்னிடமே ஒரு விடுகதை கேட்பார்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் அவருக்குத் தண்ணி காட்டியது. ஆற்றோர வீட்டு அகோத்தாவும் அவள் தங்கை பர்போராவும், எங்களுக்கு ரொட்டி தரும் ரைக் கதிரை அறுக்கும்போது பாடுவது. கதிர் நிற்கும் வயலில்தான் அதைப் பாடலாம், வேறு எங்கே பாடினாலும் விளைச்சல் கெடும் என்பது எங்கள் பெண்களின் கட்டுப்பாடு. அறுவடையிலோ பல்ட்ரஸால் தன் வயலை விட்டு நகர முடியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டதில், அந்த வசந்தத்தில் பர்போரா செத்துப்போனாள். அகோத்தாவுக்கும் நெஞ்சிரைப்பு. இந்த அறுவடையை விட்டால் பாட்டு போயே போச்சு.

அதனால் தன் ரையை நிற்கவிட்டுவிட்டு, அரிவாளோடு அகோத்தாவின் வயலில் வந்து இறங்கினார். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. நானும் அங்கே அரி கட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் குரலுக்காகத் தேவாலயத்தில் பாடும் பெண்கள் இருவரைக் கூட்டி வந்திருந்தார். அந்தப் பாட்டில் இரண்டு குரலும் உரசிக்கொண்டே போக வேண்டும், ஒன்றில் ஒன்று கலந்துவிடக் கூடாது. இனிமையாகப் பாடிப் பழகிய பெண்கள், ஆரம்பித்த உடனேயே அகோத்தாவின் குரலோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

“நான் போற வழிக்கே வந்தா எப்படிம்மா? நான் இழுத்தா நீ மல்லுக்கு நிக்கணும்,” என்று அகோத்தா அலுத்துக்கொண்டாள். “பாதிப் பாட்ட நான் பாட மாட்டேன் பல்ட்ரஸ். வீட்டுக்குப் போ.”

அவர் முகம் தொங்கிப்போனது. அப்போதுதான் அவர் மனைவி உர்சுலே வந்து சேர்ந்தாள். அவளுக்கு முன்னால் அவள் சத்தம் வந்துவிட்டது.

“ஏன்யா, நம்ம ரை உதிர்ந்து மண்ணுல கெடக்கு, நீ அடுத்தவங்க வயல்ல அறுத்துக்கிட்டிருக்கியா? மழை கொட்டினா குளிருக்கு என்னத்தத் திங்கறது, உன் பேய்க்கதையவா?”

பல்ட்ரஸ் கெஞ்சினார். நான் சமாதானம் சொன்னேன். தேவாலயத்துப் பெண்களும் ஏதோ முனகினார்கள். அவள் எங்களில் ஒருவருக்கும் இறங்கி வரவில்லை. அகோத்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊரெல்லாம் ஆள் தேடினியே, வீட்டுல இருக்கறவ உன் கண்ணுல படலையா?” என்று பல்ட்ரஸிடம் கேட்டுவிட்டு, “ஏம்மா, நீ பாடறியா?” என்றாள் உர்சுலேயிடம்.

“பாடினா இந்த மனுஷன விடுவீங்களா அத்தை?”

“விடறேன். நாங்க எல்லாருமே உன் வயலுக்கு வரோம்.”

இரண்டாம் குரலுக்கு இரண்டே வரிதான், அகோத்தா சொல்லிக்கொடுத்தாள். உர்சுலே இடுப்பில் கை வைத்தபடியே அதைப் பாடினாள். அகோத்தா எவ்வளவோ இழுத்துப் பார்த்தாள், இவள் அசையவில்லை. குரலும் குரலும் உரசியதில் காற்றே அதிர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பல்ட்ரஸ் அறுத்த தாள்மேல் மண்டியிட்டு எழுதினார்.

சொன்னபடி எல்லோரும் அவர் வயலுக்குப் போய் அறுக்க ஆரம்பித்தோம். அகோத்தாவும் உர்சுலேயும் அங்கேயும் பாடினார்கள். பல்ட்ரஸ் மறுபடி சட்டைப்பையில் கையை விட்டார்.

“பென்சில உள்ள வை. அறு,” என்றாள் உர்சுலே.

அகோத்தா நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். அவள் கண் நிறைந்திருந்தது. “தங்கச்சி போனதுலேருந்து எல்லாரும் எனக்கு விட்டுக்குடுத்துக்கிட்டே இருந்தாங்கம்மா,” என்றாள். “இன்னொரு வாட்டி பாடுவமா?”

உர்சுலே அவளுக்கு விட்டுக்கொடுக்காமல் தானே முதலில் ஆரம்பித்தாள்.