காந்தத்தின் கீழே நான்கு நாள்

ராபர்ட்சன்பேட்டை பஸ் நிலையத்தில் பீடி பற்றவைக்கக் குனிந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, யாரோ முகத்தில் சோடா தெளித்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை.

வேலூர் ஆஸ்பத்திரியில் நாடி நிமிடத்துக்கு முப்பத்திரண்டு என்றார்கள். இதய அடைப்பு (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பு போய்ச் சேராத நிலை). காறை எலும்புக்குக் கீழே தோலைக் கிழித்து, பேஸ்மேக்கர் (இதயத்தைத் தட்டி ஓடவைக்கும் மின்கலப் பெட்டி) வைத்துத் தைத்தார்கள். புகையிலை டப்பா அளவு இருந்தது.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். தினமும் காலையில் நாடியை எண்ண வேண்டும். பெரிய காந்தம், வெல்டிங் பக்கம் போகக்கூடாது. அட்டையில் எழுதியும் கொடுத்தார்.

நான் ஆறாம் வகுப்போடு ஊரைவிட்டு ஓடியவன். ஹூப்ளி, பம்பாய், விசாகப்பட்டினம், எங்கும் ஒரு வருடம் நின்றதில்லை. தங்கை முனியம்மாவின் கணவர் சொல்லிவைத்ததில் கோலார் தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கம் பக்கம் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. தங்கக்கல்லை உடைக்கும் எந்திரத்துக்குப் போகும் பெல்ட்டின் மேல் பெரிய காந்தம் தொங்கும். கல்லோடு வரும் ஆணிகளை அது இழுத்துக்கொள்ளும். அவற்றைத் தட்டி எடுப்பது என் வேலை.

சொன்னால் வேலை போய்விடும். அட்டையை டிரங்குப் பெட்டியில் போட்டேன்.

முதல் நாளே தெரிந்தது. காந்தத்தை நெருங்கினால் நெஞ்சுக்குள் இரண்டு பேர் ஒரே கதவைத் தட்டினார்கள். விலகினால் நின்றது. பழகிவிடும் என்று நினைத்தேன். பசியும் மலேரியாவும் பழகியிருந்தன. மூன்றாம் நாள் கண் இருட்டி இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். கீழே பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் ஷிப்ட் முடிந்து வாசலில் சோதனை. தங்கம் வெளியே போகாமல் இருக்க எல்லோரையும் தடவிப் பார்ப்பார்கள். அதுவரை என் டிபன் கேரியரை மட்டும் பார்த்து அனுப்பிய காவலர் தாவீது அன்று சட்டையைக் கழற்றச் சொன்னார்.

"இன்னாபா இது, தோலுக்குள்ள?"

"கட்டி."

"கட்டி நாலு மூல வச்சி வருமா? வாயில வச்சவன பாத்துக்கீறேன், கோமணத்துல வச்சவன பாத்துக்கீறேன். தெச்சி வச்சவன் நீதான்."

பின்னால் நின்றவன், "எத்தினி தோலா தங்கம்ணா?" என்றான். வரிசை சிரித்தது.

திருடன் என்று பெயர் வந்தால் எனக்காகச் சொல்லிவைத்த மாப்பிள்ளையின் வேலையும் போகும். உண்மையைச் சொன்னேன். தாவீது நம்பவில்லை, தங்கை வீடுவரை கூடவே வந்தார். முனியம்மா அட்டையை எடுத்துப் படித்தாள். காந்தம் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"கல்லு பொறுக்குறேன்னுதான சொன்ன? இன்னாண்ணா, சாவறதுக்கா வேலைக்குப் போன?"

மறுநாள் மில் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "காந்தம் கிட்ட வந்தா பெட்டி உன் இதயத்தக் கவனிக்காது. தன்பாட்டுக்குத் தட்டும். ஒரு தட்டு நேரம் தப்பி விழுந்திருந்தா போயிருப்ப" என்றார். ஷிப்டுக்கு வருபவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் அறைக்கு மாற்ற எழுதிக் கொடுத்தார்.

பெட்டி வைத்துக்கொண்டவர்களே, எந்த எந்திரத்தை நெருங்கும் முன்பும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் வலிக்குச் சூடு வைக்கும் மின்கருவியும் நமக்கு ஆகாது. கேட்டால் சொல்லலாம் என்றிருக்காதீர்கள். என்னைச் சந்தேகப்பட ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

இப்போது தினமும் காலை மில் சங்கு ஊதும் முன் நாடியை எண்ணுகிறேன். எழுபது. குறைந்தால் மின்கலம் தீர்கிறது, வேலூர் போக வேண்டும். எந்த ஊரிலும் திரும்பி வருகிறேன் என்று சொல்லாதவனுக்கு, திரும்பிப் போகவேண்டிய ஊர் ஒன்று வந்துவிட்டது.

ஷிப்ட் முடிந்ததும் தாவீது என் காறை எலும்புக்குக் கீழே புடைத்திருக்கும் மேட்டின் மேல் உள்ளங்கையை வைக்கிறார்.

"பொட்டி கீதா?"

"கீது."

"போ."